கம்பிகளின் கணக்கு – 11: இடமிருந்தும் இடமில்லை

சென்ற வாரம் ஒரு நெட்வொர்க்கைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டிப் பார்த்தோம். நிஜ அலுவலகத்தில் எதுவும் சம அளவில் வருவதில்லை. கால் சென்டருக்கு 100 கணினி, விற்பனைப் பிரிவுக்கு 50, கணக்குப் பிரிவுக்கு 20. இவை போக, ரவுட்டர்களை இணைக்கும் இரண்டு லிங்க். கையில் இருப்பது 192.168.10.0 முதல் 192.168.10.255 வரை, மொத்தம் 256 முகவரிகள்.

லிங்க்தானே, சின்ன வேலை என்று ஒருவர் அதை முதலில் முடிக்கிறார். ஒன்றுக்கு 0 முதல் 3 வரை. இன்னொன்றுக்கு, பார்க்க எடுப்பாக இருக்கிறதே என்று 128 முதல் 131 வரை. செலவானது 8 முகவரி, மீதி 248. ஆனால் கால் சென்டரின் 100 கணினிகளை ஒரே சப்நெட்டாக வைக்க இனி வழியே இல்லை.

காரணம் இரண்டு விதிகள். சப்நெட்டின் அளவு 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும். பழைய ஆழாக்கு, உழக்கு, உரி, படி போல, நடுவில் வேறு அளவு கிடையாது. இரண்டாவது விதியில்தான் பலர் வழுக்குகிறார்கள்: ஒரு துண்டு தன் அளவின் மடங்கில்தான் தொடங்க முடியும். 100 கணினிக்கு வேண்டிய 128 அளவுத் துண்டு 0-இல் தொடங்கலாம், அல்லது 128-இல் தொடங்கலாம். இரண்டு வாசலிலும் நம்மவர் ஒவ்வொரு லிங்க்கை உட்காரவைத்துவிட்டார்.

அதனால்தான் பெரியதை முதலில் வைக்கச் சொல்கிறார்கள். கால் சென்டருக்கு 0 முதல் 127 (/25, துண்டின் அளவைச் சொல்லும் குறி), விற்பனைக்கு 128 முதல் 191 (/26), கணக்குக்கு 192 முதல் 223 (/27), லிங்க்குகளுக்கு 224-இலும் 228-இலும் தொடங்கும் இரண்டு /30. கடைசியில் 24 முகவரி மிச்சம். ஒவ்வொரு துண்டிலும் முதல் முகவரி நெட்வொர்க்கின் அடையாளம், கடைசி முகவரி பிராட்காஸ்ட். ஆகவே 128-இல் பயன்படுவது 126தான். இரண்டே முனை உள்ள லிங்க்குக்கு 4 முகவரி என்பது ஊதாரித்தனம். அங்கே 2 முகவரியே போதும் என்று 2000-இல் வந்த ஆர்எஃப்சி 3021 என்ற இணைய விதிமுறை ஆவணம் அனுமதித்தது.

சப்நெட்டுக்கான விதிமுறை 1985-லேயே வந்துவிட்டது. பல அளவில் வெட்டுவது பரவ ஏன் அத்தனை காலம் ஆனது? ரவுட்டர்கள் பேசிக்கொண்ட மொழிதான் தடை. அன்று பரவலாக இருந்த ரிப், 'இந்த நெட்வொர்க் என்னிடம் இருக்கிறது' என்று சொல்லும். அதன் அளவைக் குறிக்கும் மாஸ்க்கைச் சொல்லாது. கேட்கிற ரவுட்டர் தன்னுடைய மாஸ்க்தான் எல்லோருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். மாஸ்க்கையும் சேர்த்து அனுப்பும் ஓஎஸ்பிஎஃப், பின்னர் 1993-இல் ரிப் இரண்டாம் பதிப்பு ஆகியவை வந்த பிறகுதான் பாதை திறந்தது.

பெரியதை முதலில் வைப்பது முதல் நாளுக்குச் சரியான விதி. அடுத்த ஆண்டு கால் சென்டரில் 130 பேர் ஆனால்? பக்கத்திலேயே விற்பனைப் பிரிவு இடிக்கிறது. முகவரிகளை மாற்றியாக வேண்டும். பால் சுச்சியா 1991-இல் எழுதிய ஆர்எஃப்சி 1219 இந்தத் தலைவலிக்காகவே பிறந்தது. முகவரியின் பிட் வரிசையில் சப்நெட் எண்களை இடமிருந்தும் கணினி எண்களை வலமிருந்தும் கொடுத்து வா, நடுவில் பூஜ்ஜியங்கள் மிஞ்சட்டும். தேவை வரும்போது எல்லைக்கோட்டை நகர்த்திக்கொள்ளலாம் என்றார்.

என்னைக் கேட்டால், இரண்டையும் கலக்க வேண்டும். லிங்க் வளரவே வளராது. கம்பிக்கு என்றும் இரண்டு முனைதான். அவற்றை எல்லாம் கடைசி மூலையில் நெருக்கி அடுக்கிவிடலாம். ஆட்கள் உட்காரும் பிரிவுகளுக்குப் பக்கத்துத் துண்டைக் காலியாக விடவேண்டும். 10-இல் தொடங்கும் தனியார் முகவரிகளில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் இருக்க, அங்கே கஞ்சத்தனம் எதற்கு?

கிளவுடுக்குப் போனால் இந்தக் கணக்கு இன்னும் கறாராகிறது. அமேசானில் ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். 16 அளவில் நமக்கு 11தான். உருவாக்கிய சப்நெட்டின் அளவை அங்கே மாற்றவும் முடியாது. சுச்சியா சொன்ன நகரும் எல்லைக்கோடு அங்கே செல்லாது. காலி இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால்தான் உண்டு.