ஏட்டில் ஏறாத பாட்டு

எங்கள் ஊர் திருமலைராயன்பட்டினம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குக் கவி காளமேகம் ஞாபகத்துக்கு வருவார். திருமலைராயன் சபையில் எமகண்டம் பாடி ஜெயித்தவர், கோபத்தில் மண்மாரி பொழியச் சபித்துவிட்டுப் போனார் என்று இன்றும் கதை சொல்வார்கள். கேட்ட மாத்திரத்தில் பாட்டுக் கட்டுகிறவர் என்பதால் அவருக்கு ஆசுகவி என்று பெயர்.

அப்படி நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுகிற பெண்கள் நம் வயல்களிலும் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். பட்டமும் இல்லை, ஏடும் இல்லை. அவர்களில் ஊரறிய, உலகறியப் பேர் வாங்கியவர் கொல்லங்குடி கருப்பாயி அம்மாள்.

சிவகங்கைச் சீமையில், வெட்டுடையார் காளி கோயிலால் பேர் பெற்றது கொல்லங்குடி. அங்கே வயல் வேலை செய்து பிழைத்தவர் இவர். பாட்டை எழுதி வைத்துப் படித்தவர் அல்ல. மனசில் தோன்றுவது வாயில் பாட்டாக வந்து விழும். அகில இந்திய வானொலி அந்தக் குரலை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1985-ல் பாண்டியராஜன் இயக்கிய 'ஆண்பாவம்' படத்தில் பாட்டியாக நடித்து, சொந்தக் குரலிலேயே பாடினார். 1993-ல் கலைமாமணி விருது வந்தது.

அதே 1985-ல் அமெரிக்காவிலும் ஒரு பாட்டிக்கு யோகம் அடித்தது. எலிசபெத் காட்டன் என்று பெயர். பன்னிரண்டு வயசு வாக்கில் சரக்கு ரயிலைப் பற்றித் தானே ஒரு பாட்டுக் கட்டியவர். கல்யாணம், குழந்தை என்று ஆனதும் கிதாரை மூலையில் வைத்துவிட்டார். பல வருஷம் கழித்து, சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டு வேலைக்குப் போன இடத்தில்தான் திரும்பவும் கிதாரைத் தொட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரே அவர் பாட்டைப் பதிவு செய்து 1958-ல் இசைத்தட்டாக வெளிவரச் செய்தார். தொண்ணூறு வயசைத் தாண்டி கிராமி விருதும் வாங்கினார்!

இரண்டு பேருக்கும் பாட்டு முன்னாலேயே இருந்தது. பிறகுதான் கேட்க ஒரு காது கிடைத்தது. அங்கே ஒரு வீடு, இங்கே வானொலி. அது கிடைக்காத பெண்களின் பாட்டு எங்கே போயிற்று?

பட்டம் வந்தால் மட்டும் உலை கொதித்துவிடுமா? முதுமையில் கருப்பாயி அம்மாள் கஷ்டப்பட்டார். நடிகர் சங்கம் உதவியது. 2025 ஜூனில், 99 வயதில் காலமானார். பதிவானவை மிஞ்சின. மனசில் மட்டும் இருந்தவை அவரோடு போயிருக்கும்.

எங்கள் காரைக்கால் பக்கம் இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது, நேரடி விதைப்பும் உண்டு. பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டால்தானே நடவுப் பாட்டு வரும்? என் மாமியாருக்குத் தெரிந்த பாட்டில் பாதிகூட என் தலைமுறைக்குத் தெரியாது.

ஆகவே சகோதரிகளே, ஒரு சின்ன வேலை. வீட்டில் வயசான அத்தையோ பாட்டியோ இருந்தால், ஓய்வான மத்தியான நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். "பாடுங்கள்" என்றால் வெட்கப்படுவார்கள். "தொட்டிலாட்டும்போது என்ன பாடுவீங்க, அத்தே?" என்று பேச்சுக் கொடுங்கள், தானாக வரும். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு நோட்டில் எழுதி, யார் பாடியது, எந்த ஊர், எந்தச் சமயத்தில் பாடுவது என்பதையும் குறித்து வையுங்கள். கொச்சை வார்த்தை என்று திருத்திவிடாதீர்கள். அந்தப் பேச்சில்தான் அதன் ருசி.

இளம் தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. வயிற்றில் இருக்கும்போதே குழந்தை அம்மாவின் குரலைக் கேட்டுப் பழகிவிடுகிறது. சுருதி சேரவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். பாட்டு மறந்துபோனால், பிள்ளையின் பேரையும் மாமன் பேரையும் சேர்த்து நீங்களே இரண்டு வரி கட்டுங்கள். கருப்பாயி அம்மாளும் அப்படித்தானே கட்டினார்!