பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்!

பெற்றோர்களே, 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்ட நாட்கள் நினைவிருக்கிறதா? பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடக் கூடாதே என்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நம்மவர் பலர் கணினி வாங்கினார்கள். அவற்றில் பல கைமாறி வந்தவை. அன்று ஓடியவை இன்று ஊர்கின்றன.

காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒரு தகப்பனார் சென்ற மாதம் என்னிடம் வந்தார். மகள் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள். "புதுசு வாங்கச் சொல்றாங்க சார், சீட்டுப் பணத்தை எடுக்கலாமா?" என்றார். "பொறுங்கள், முதலில் அதைக் கொண்டு வாருங்கள்" என்றேன். நாங்கள் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் தூசி. கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு, காற்றுத் துவாரங்களை மெல்லிய தூரிகையால் துடைத்தோம். சூடு ஏறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அடுத்து, அழைக்காமல் வரும் விருந்தாளிகள்! கணினியைத் திறந்ததுமே பல செயலிகள் தாமாகவே ஓடத் தொடங்கும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் வேண்டாதவற்றை நிறுத்தி வையுங்கள். எதுவென்று தெரியாததைத் தொடாதீர்கள். பயன்படாத விளையாட்டுகளையும் நீக்கிவிடுங்கள்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால், உள்ளே இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றலாம். அது சுழலும் தட்டு. தேடி எடுக்க நேரமாகும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் வெகுவாகக் கூடும். புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான். கிள்ளானில் வாங்கிப் பொருத்தினோம். தேநீர் கலக்கி முடியும்வரை திறக்காதிருந்த கணினி, இப்போது சீனி போடுவதற்குள் திறந்துவிடுகிறது.

வேகம் வந்தால் போதுமா? வீட்டுக்குப் பூட்டு வேண்டாமா?

2017 மே மாதம் 'வான்னாகிரை' என்னும் கிருமி சுமார் 150 நாடுகளில் கணினிகளை முடக்கிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றவர்கள் அகப்பட்டார்கள். ஆகவே 'அப்டேட்' என்று வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட கணினிகளுக்கு மட்டும் அதன் பிறகும் சிறிது காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 'அப்டேட்' பகுதியில் அதற்கு வழி காட்டுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியானால், 'லினக்ஸ் மின்ட்' இலவசமாகக் கிடைக்கிறது. விவரம் தெரிந்தவரைக் கொண்டு போட்டுக்கொள்ளலாம். திருட்டுப் பிரதி மட்டும் வேண்டவே வேண்டாம்.

"உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் வந்தால் அழைக்காதீர்கள். அது ஏமாற்று. ஏமாந்து வங்கிப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997-ஐ அழையுங்கள்.

கடைசியாக, என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ கொடுத்த பென்டிரைவைச் சோதிக்காமல் செருகினேன். என் மாணவர்களின் பத்தாண்டுப் படங்கள் ஒரே மாலையில் போயின. வேறு பிரதி என்னிடம் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? மாதம் ஒருமுறை முக்கியமானவற்றைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள்.

அந்தத் தகப்பனாரின் சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது. மகளின் மேற்படிப்புக்கு ஆகுமாம்.