முதல் ஈடு: ஒரு நாவல் புத்தகமாவது எப்படி?

இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகப் போட்டு அரைப்பதில்லை. அரிசி ரவைப் பதத்தில் நிற்க வேண்டும். உளுந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பந்தாகப் பொங்கி வரும்வரை அரைபட வேண்டும். முதல் நாவலின் கைப்பிரதி எடிட்டர் கைக்குப் போனதும் நடப்பது இதுதான். எழுதியவர் கதையையும் மொழியையும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார், எடிட்டர் பிரிப்பார். நான்காம் அத்தியாயத்தில் காலமான பெரியம்மா ஒன்பதில் முறுக்கு சுற்றுகிறாரா? அமாவாசை இரவில் நிலா காய்கிறதா? இதெல்லாம் கதையின் கணக்கு. ஒரே வர்ணனை மூன்று இடத்தில் வருகிறதா, வட்டார வழக்கு பேச்சில் மட்டுமா, கதைசொல்லியிடமும் உண்டா என்பது மொழியின் கணக்கு.

ஒரு அத்தியாயத்தையே எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லும்போது புதிதாய் எழுதியவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அப்படிச் சொல்ல ஆள் வாய்ப்பது பெரிய கொடுப்பினை. தமிழில் எத்தனையோ நாவல்கள் இந்த அரவையே இல்லாமல் அச்சுக்குப் போகின்றன. பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணனைப் போல ஒரு பிரதியோடு வரிவரியாக உட்கார்ந்து உழைத்தவர்கள் நம்மிடையே குறைவு. இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' 1994இல் க்ரியா வெளியீடாகத்தான் வந்தது.

அரைத்த மாவை உடனே ஊற்றக் கூடாது. உப்புப் போட்டுக் கையால் கலந்து, பொங்குவதற்கு இடம் விட்டு மூடிவைக்க வேண்டும். நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்கும், உளுந்தின் வழுவழுப்பு அதை வெளியேறவிடாமல் பிடித்துக்கொள்ளும், மாவு எழும். இதைக் கிண்டிக் கிளறி வேகப்படுத்த முடியாது. திருத்திய பிரதிக்கும் இந்தக் காத்திருப்பு வேண்டும். சில மாதம் தொடாமல் வைத்திருந்து எடுத்துப் படித்தால் வேறு யாரோ எழுதியது போலிருக்கும். எது மிகை என்று அப்போது தானாகவே தெரியும். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 'ஒரு புளியமரத்தின் கதை' 'சரஸ்வதி' இதழில் தொடராகத் தொடங்கி, இடையில் நின்று, 1966இல்தான் புத்தகமானது. அந்த இடைவெளியால் நாவல் எதையும் இழக்கவில்லை.

இன்றைய நிலை வேறு. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியே ஆண்டின் பெரும்பாலான நூல்கள் வெளியாகின்றன. கார்த்திகையில் கைக்கு வந்த பிரதி தை பிறப்பதற்குள் அரங்கில் இருக்க வேண்டும் என்கிறார்கள். மார்கழிக் குளிரில் மாவு புளிக்க வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கேட்கும். நாம் சரியாக அந்த மாதத்தில்தான் அவசரப்படுத்துகிறோம். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. முதல் நாவல் ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் வரும். அடுத்த காட்சிக்குத் தள்ளிப்போனால் குடிமுழுகிவிடாது. எழுதியவர் துணிந்து அவகாசம் கேட்க வேண்டும்.

அடுத்து, தட்டில் ஊற்றுவது. தட்டில் குழிகள் இத்தனை என்று இருப்பதுபோல அச்சிலும் கணக்கு உண்டு: டெமி அளவில் பொதுவாக 16 பக்கம் ஒரு பாரம். நாவல் 195 பக்கத்தில் முடிந்தால் 208 பக்கத்துக்குத் தாள் ஓடும். மிஞ்சும் பக்கங்களில் பதிப்பகத்தின் பிற நூல்களுடைய விளம்பரம் ஏறும், அல்லது எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்து 192க்குள் அடக்குவார்கள். கண்ணாடி போட்டுப் படிக்கும் வாசகருக்காக, குறைக்க வேண்டாம் என்று சொல்ல எழுதியவருக்கு உரிமை உண்டு.

மெய்ப்பு பார்ப்பதற்கு மட்டும் இட்லி உதவாது. மாவில் உப்புக் குறைந்தால் கரைத்தவருக்கே தெரிந்துவிடும். எழுதியவர் கண்ணுக்கோ தன் பிழை தெரியாது. மனம் மறந்த ஒற்றை நிரப்பிக்கொண்டு, 'பல்லி'யைப் 'பள்ளி' என்று படித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் கதை தெரியாத இன்னொருவர் வேண்டும்.

பிறகு மூடி விழுகிறது. முன்பு ஆயிரம் பிரதிக்குக் குறைந்து அச்சடித்தால் கட்டாது. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்ததால் சில நூறு பிரதிகளே போதும். ராயல்டி பெரும்பாலும் விலையில் 10 விழுக்காடு என்று பேசப்படும். 250 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 7,500 ரூபாய். இந்தக் கணக்கை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது அதைவிட நல்லது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் ஒரு பிரதியைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியீட்டு விழா முடிந்த பின் வரும் மௌனத்துக்கு யாரும் புதியவரைத் தயார்படுத்துவதில்லை. இட்லி சூடு ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். நாவலை மக்கள் ஆறு மாதம், ஓராண்டு கழித்துத்தான் கையில் எடுப்பார்கள். அந்த நாள்களில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. ஒரு பிரதியைத் தனியே வைத்து, கண்ணில் பட்ட பிழைகளையும் வாசகர் சொல்லும் பிழைகளையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டாம் பதிப்புக்குப் பதிப்பகம் கேட்கப்போவது அந்தப் பிரதியைத்தான்.