டன் கணக்கும் ஓர் உத்தேசமும்

'டுனெடின்' என்ற பாய்மரக் கப்பல் உறைய வைத்த ஆட்டிறைச்சியோடு நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 1882 மே மாதம் லண்டன் போய்ச் சேர்ந்தது. இறைச்சி கெடவில்லை. அதன்பிறகு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்கள் பிரிட்டனின் சாப்பாட்டு மேசைக்காகவே பச்சை பிடித்தன. 1932-ல் ஒட்டாவாவில் கையெழுத்தான உடன்படிக்கைகள், பேரரசு நாடுகளின் சரக்குக்கு வரிச்சலுகை தந்து இந்த உறவை உறுதியாக்கின. 1960-ல்கூட நியூசிலாந்தின் ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் பிரிட்டனுக்குத்தான் போனது. வெண்ணெய் கிட்டத்தட்ட முழுதுமே அங்குதான்.

1961-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையின் கதவைத் தட்டியது. பிரெஞ்சு அதிபர் டி கால் இருமுறை மறுத்தார். கடைசியில் 1973 ஜனவரி 1 அன்று கதவு திறந்தது.

ஒரு நாடு புதிய கூட்டணியில் சேர்ந்தால், அது ஏற்கெனவே செய்த ஒப்பந்தங்கள் ஏன் ஆட்டம் காண வேண்டும்? கூட்டணியின் வகையைப் பொறுத்தது அது. வெறும் தடையற்ற வணிக ஒப்பந்தம் என்றால் உறுப்பினர்கள் தங்களுக்குள் வரியை நீக்கிக்கொள்வார்கள். வெளியாருக்கு எவ்வளவு வரி என்பது அவரவர் விருப்பம். பழைய ஒப்பந்தங்கள் பிழைத்துக்கொள்ளும். சுங்க ஒன்றியம் அப்படியல்ல. எல்லா வீடுகளையும் வளைத்து ஒரே சுற்றுச்சுவர், ஒரே வாசல். அந்த வாசலில் வெளியாரின் வெண்ணெய்க்கு என்ன வரி என்பதைத் தனி வீடு முடிவு செய்ய முடியாது. பிரிட்டன் சேர்ந்தது இந்த வகையில். அதனால் ஒட்டாவா சலுகைகள் போயாக வேண்டும். 'எஃப்டா' என்ற இன்னொரு வணிகக் கூட்டணியிலிருந்தும் பிரிட்டன் 1972 முடிவில் வெளியேறியது.

பாதிக்கப்படும் மூன்றாம் நாட்டுக்குச் சட்டம் முற்றிலும் கைவிரிப்பதில்லை. 'காட்' என்ற பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் 24-வது பிரிவு, சேரும் நாடு தான் உறுதியளித்த வரியைக் கூட்டினால் ஈடு பேசித் தர வேண்டும் என்கிறது. 1986-ல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது, அங்கே மக்காச்சோளம் விற்றுவந்த அமெரிக்கா இந்தப் பிரிவைத்தான் பிடித்துக்கொண்டது. ஐரோப்பிய வெள்ளை ஒயின், ஜின், சீஸ் மீது 200 சதவீத வரி என்று மிரட்டியது. 1987 ஜனவரியில், ஸ்பெயின் ஆண்டுக்கு 20 லட்சம் டன் மக்காச்சோளமும் 3 லட்சம் டன் சோளமும் இறக்குமதி செய்ய வழிசெய்வதாக ஐரோப்பா ஒப்புக்கொண்டது. மிரட்டும் வலு இருந்தவருக்குப் பிரிவு வேலை செய்தது.

நியூசிலாந்திடம் அந்த வலு இல்லை. பத்தாண்டு முன்னெச்சரிக்கை இருந்தது. அதை வீணாக்காமல் ஐரோப்பியத் தலைநகரங்களில் விடாமல் வாதாடியது. துணைப் பிரதமர் ஜாக் மார்ஷல் 1971 ஜூனில் லக்சம்பர்க்கில் தங்கியிருந்து பெற்றதே சேர்க்கை ஒப்பந்தத்தின் 18-வது நெறிமுறை. அதன்படி பிரிட்டனுக்கு அனுப்ப உறுதியான அளவு, 1973-ல் 1,65,811 டன் வெண்ணெய். ஆண்டுதோறும் குறைந்து 1977-ல் 1,38,176 டன். சீஸ் 68,580 டன்னிலிருந்து 15,240 டன்னுக்கு இறங்கி, பிறகு உத்தரவாதமே இல்லை. விலையும் 1969 முதல் 1972 வரையிலான சராசரியோடு கட்டப்பட்டிருந்தது. அடுத்து வந்த எண்ணெய் நெருக்கடியில் செலவு ஏறியது. அந்த விலை கட்டுப்படியாகவில்லை. ஆனாலும் புதிய சந்தை தேட அவகாசம் கிடைத்தது. பின்னாளில், 2008-ல், சீனாவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்த முதல் வளர்ந்த நாடு நியூசிலாந்துதான்.

அதே சேர்க்கை ஆவணங்களில் நம் பக்கத்துக்கும் ஒரு தாள் உண்டு. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றோடு வணிக உறவை வளர்ப்பது பற்றிய கூட்டு உத்தேச அறிவிப்பு அது. டன் கணக்கு இல்லை, விலை இல்லை. ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்கு 1975-ல் ஐரோப்பியச் சமூகத்துடன் லோமே உடன்படிக்கை வந்தது. அதன் சர்க்கரை நெறிமுறையில் சிறு தீவான மொரீஷியஸுக்கு 4,87,200 டன் எழுதிக் கொடுக்கப்பட்டது. ஆசிய நாடுகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. இந்தியா 1973 டிசம்பரிலும் இலங்கை 1975-லும் தனித்தனி வணிக ஒப்பந்தங்களோடு அமைய வேண்டியிருந்தது. தலைமுறைகளாக லண்டனை நம்பித் தேயிலை வளர்த்த நாடுகளுக்கு அது போதாது என்றே நினைக்கிறேன். பேரம் பேசப்போகும் எந்த அதிகாரியும் 18-வது நெறிமுறை, உத்தேச அறிவிப்பு ஆகிய இந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

2020-ல் பிரிட்டன் அந்தச் சுவரை விட்டு வெளியே வந்தபோதும் ஒப்பந்தங்கள் மறுபடி குலைந்தன. நியூசிலாந்து ஆட்டிறைச்சிக்கு இருந்த சுமார் 2,28,000 டன் ஒதுக்கீட்டை பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஏறக்குறைய பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரு பக்கம் விற்காததை மறுபக்கம் திருப்பிவிட முடியாதே என்று நியூசிலாந்து எதிர்த்தது. 2023 மே 31 அன்று பிரிட்டனுடனான புதிய ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதில் வரியில்லா வெண்ணெய் ஒதுக்கீடு ஆண்டுக்கு 7,000 டன்னில் தொடங்குகிறது.