பியானோவில் வலக்கை ஓடினால் இடக்கையும் ஏன் கூடவே ஓடுகிறது?

நாகர்கோவில் பக்கம் சர்ச் கீபோர்டில் பாமாலை பழகும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? வலக்கை தனியே அழகாக வாசிக்கும். இடக்கையும் சேர்ந்ததோ, போச்சு! வலக் கட்டைவிரல் அழுத்தினால் இடக் கட்டைவிரலும் தானாக இறங்கும்.

ஏன்? வலக்கையை ஆட்டுவது மூளையின் இடப்பாதி, இடக்கையை வலப்பாதி. நடுவே சுமார் 20 கோடி நரம்பிழைகள் பாலமாக நிற்கின்றன. ஒரு கைக்கான கட்டளை மறுபக்கமும் கசிகிறது. நாஞ்சில் நாட்டு வயலில் வரப்பு இளகியிருந்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாயுமே, அப்படி.

பயிற்சிதான் வரப்பைக் கெட்டிப்படுத்தும். அவசரமாக வாசித்தால் தவறும் சேர்ந்தே படியும். தூக்கத்திலும் இந்தப் பாடம் உறுதிப்படுகிறது.

முதலில் தனித்தனிக் கை, பிறகு பாதி வேகத்தில் இரண்டும். தினமும் 15 நிமிடம் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்து வைக்காதீர்கள்.