ஃபிரிட்ஜை எத்தனை டிக் பார்த்து வாங்குவது?

மத்தியான வெயில். வீட்டில் குளிரூட்டி இல்லை. சமையலறைக் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவை விரியத் திறந்து வைத்தால் சமையலறை குளிருமா?

முதல் சில நிமிடங்கள் முகத்தில் குளிர்காற்று படும். மாலைக்குள் அறை முன்பைவிடச் சூடாகியிருக்கும். குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவதுதான் அதன் வேலை. அந்த வேலைக்குச் செலவாகும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி அதே அறையில்தான் சேரும். இதைப் புரிந்துகொண்டால், கடையில் எந்தப் பெட்டியை வாங்குவது, வீட்டில் அதை எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இன்றைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்ற பொருள் ஓடுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 12 டிகிரி செல்சியசில் கொதித்துவிடும். பெட்டியின் உட்புறக் குழாயில் அது ஆவியாகும்போது, அதற்குத் தேவையான உள்ளுறை வெப்பத்தை நம் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அமுக்குகிறது. அழுத்தம் கூடச் சூடும் கூடுகிறது. பெட்டியின் பின்புறத்திலோ பக்கச் சுவர்களுக்குள்ளோ இருக்கும் வெளிக்குழாயில் அந்தச் சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு அது மறுபடி திரவமாகிறது. பிறகு மிகக் குறுகலான ஒரு குழாய் வழியாக நுழைந்து, அழுத்தம் குறைந்து, மீண்டும் உள்ளே போகிறது. பக்கச் சுவரைத் தொட்டால் சுடுகிறதே, பழுதோ என்று சிலர் பயப்படுவார்கள். பெட்டி தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மாடிக்கணக்கு

ஒரு மூட்டை அரிசியை நான்காவது மாடிக்குத் தூக்குவதைவிடப் பன்னிரண்டாவது மாடிக்குத் தூக்க அதிக ஆற்றல் வேண்டும். வெப்பமும் அப்படித்தான். உட்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு பெரிதோ, ஒவ்வொரு ஜூலையும் வெளியேற்ற அவ்வளவு மின்சாரம் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உட்குழாய் -25 டிகிரி, அதாவது 248 கெல்வின். வெளிக்குழாய் 40 டிகிரி, அதாவது 313 கெல்வின். 248ஐ இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 65ஆல் வகுத்தால் 3.8. கோட்பாட்டின்படி 1 யூனிட் மின்சாரத்தைக் கொண்டு அதிகபட்சம் 3.8 யூனிட் வெப்பத்தை வெளியேற்றலாம் என்று பொருள். உண்மையான பெட்டிகள் இதில் பாதியளவுகூட எட்டுவது கடினம். இப்போது பெட்டியைச் சுவரோடு ஒட்டி நெருக்கிவிட்டோம், காற்றுப் போக வழியில்லை, வெளிக்குழாய் 50 டிகிரிக்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கு 3.3 என்று வரும். பெட்டியை நகர்த்திய ஒரே காரணத்தால் செயல்திறன் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. அடுப்புக்குப் பக்கத்திலும், மேற்கு வெயில் விழும் சன்னலுக்கு நேராகவும் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். கையேட்டில் போட்டிருப்பார்கள். வீவக வீட்டுச் சமையலறையில் அலமாரி அடிப்பவரிடம் அளவு கொடுக்கும்போது அந்த இடைவெளியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்வர்ட்டர் பெட்டி சிக்கனமாக இருப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. பழைய வகைக் கம்ப்ரசருக்கு முழு வேகத்தில் ஓடவும் நிற்கவும் மட்டுமே தெரியும். இன்வர்ட்டர் கம்ப்ரசர் தேவைக்கேற்ப மெதுவாகத் தொடர்ந்து ஓடும். ஒரே நேரத்தில் அதிக வெப்பம் குழாய்களில் குவியாததால் வெப்பநிலை வேறுபாடும் குறைவாகவே இருக்கும்.

கதவைத் திறந்தால் எவ்வளவு நட்டம்?

"கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன யோசனை?" என்ற அதட்டலைக் கேட்காத பிள்ளை இருக்க முடியாது. உள்ளே இருக்கும் 250 லிட்டர் குளிர்காற்று முழுவதும் வெளியேறி, 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட சிங்கப்பூர்க் காற்று உள்ளே புகுந்துவிட்டதாகக் கொள்வோம். அந்தக் காற்றை 4 டிகிரிக்குக் குளிர்விக்க ஏறக்குறைய 8 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதோடு முடியவில்லை. அதிலுள்ள நீராவியில் நாலரை கிராம் அளவுக்குத் தண்ணீராகப் படியும்போது இன்னொரு 11 கிலோஜூலை விட்டுச் செல்கிறது. காற்றைவிட அதிலுள்ள ஈரமே அதிக வெப்பத்தைக் கொண்டுவருகிறது! மொத்தம் 19 கிலோஜூல். (கதவை மூடிய கையோடு மறுபடி திறக்க முயன்றால் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே மாட்டிக்கொண்ட சூடான காற்று சட்டென்று குளிர்ந்து அழுத்தம் குறைவதுதான் காரணம்.)

இதோடு ஒப்பிட வேண்டிய எண் இன்னொன்று உண்டு. ஆண்டுக்கு 300 யூனிட் எடுக்கும் பெட்டி, நாளுக்கு ஏறத்தாழ 3,000 கிலோஜூல் மின்சாரத்தைச் செலவிடுகிறது. அதன் செயல்திறன் 1.5 என்று கொண்டால், நாள்தோறும் 4,400 கிலோஜூல் வெப்பத்தை அது வெளியேற்றுகிறது. நாளுக்கு 30 தடவை கதவைத் திறந்தாலும் சேர்வது 570 கிலோஜூல்தான். மற்றதில் பெரும்பகுதி, கதவு மூடியிருக்கும்போதே சுவர் வழியாகக் கசிந்து வருவது. இரவு முழுக்க எல்லாரும் தூங்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ஆக, அதட்டல் நியாயம்தான். ஆனால் பெட்டியின் சுவரில் நல்ல வெப்பக்காப்பு இருக்கிறதா, பெட்டி தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறதா என்பவை அதைவிடப் பெரிய விஷயங்கள்.

கதவு ஓர ரப்பர் பட்டை தளர்ந்திருந்தால் கதை வேறு. அப்போது கதவு எப்போதுமே கொஞ்சம் திறந்திருப்பதாகத்தான் அர்த்தம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வந்தால் பட்டையைத் துடைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் மாற்றலாம். இரண்டு வெள்ளி நோட்டை வைத்துச் சோதிக்க வேண்டாம். பிளாஸ்டிக் நோட்டு, நல்ல பட்டையிலும் வழுக்கிக்கொண்டு வரும்.

சூடான குழம்பு கணக்கில் பெரியது. 80 டிகிரியில் இருக்கும் 2 லிட்டர் சாம்பாரை அப்படியே உள்ளே வைத்தால், 4 டிகிரிக்குக் கொண்டுவர 638 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 30க்கும் மேற்பட்ட தடவை கதவைத் திறந்ததற்குச் சமம். அதற்காக ஆறட்டும் என்று இரவு முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவிடக் கூடாது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும் எல்லை. சின்னச் சின்ன அகலமான பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று பெட்டியை 8 டிகிரியில் வைப்பதும் இதே தவறுதான். கீழ்த்தட்டு 4 டிகிரிக்குள், உறைபகுதி -18 டிகிரி. அதற்கும் கீழே போவது வீண்.

ஒட்டுவில்லையில் எதைப் பார்ப்பது?

சிங்கப்பூரில் விற்கப்படும் குளிர்பதனப் பெட்டிகளில் எரிசக்தி ஒட்டுவில்லை இருக்க வேண்டும் என்பது 2008 முதல் கட்டாயம். அதிகபட்சம் ஐந்து டிக். டிக் கூடினால் சிக்கனம் என்பது சரி, ஆனால் அந்தத் தரவரிசை பெட்டியின் கொள்ளளவையும் கணக்கில் கொண்டு போடப்படுவது. 500 லிட்டர் பெட்டி தன் அளவுள்ள மற்றப் பெட்டிகளோடு ஒப்பிடும்போது சிக்கனமாக இருந்து நான்கு டிக் வாங்கலாம். மூன்று டிக் வாங்கிய 250 லிட்டர் பெட்டி அதைவிடக் குறைவாக மின்சாரம் எடுக்கலாம். அதனால் டிக்குகளை எண்ணுவதற்கு முன் ஒட்டுவில்லையில் ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். கிலோவாட் மணிதான் நாம் சொல்லும் யூனிட்.

எடுத்துக்காட்டாக, ஒன்று 300 யூனிட், மற்றது 450 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்றால் ஆண்டுக்கு 45 வெள்ளி வித்தியாசம். பத்து ஆண்டுகளில் 450 வெள்ளி. விலைச்சீட்டில் 200 வெள்ளி மலிவாகத் தெரியும் பெட்டி உண்மையில் மலிவில்லை. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்த 150 யூனிட்டுக்கு ஆண்டுக்கு 60 கிலோ.

வீவக வீடுகளுக்கு 2024இல் 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டுகள் அறிவிக்கப்பட்டன. உங்கள் வீட்டில் இன்னும் மீதமிருக்கிறதா, எத்தனை டிக் பெட்டிக்குச் செல்லும் என்பதை வாங்கும் முன் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

புதிது வந்ததும் பழையதைத் தூக்கிப் போட மனமில்லாமல், தீபாவளிக்கு உதவும் என்று வீட்டிற்குள்ளேயே ஒரு மூலையில் ஓடவிடும் வீடுகள் உண்டு. நான்கு பாட்டில் குளிர்பானத்துக்காக ஆண்டு முழுவதும் இன்னொரு பெட்டி ஓடினால், புதிய பெட்டியில் மிச்சப்படுத்தியது அங்கே போய்விடும். தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போவதும் சரியல்ல. பழைய பெட்டிகளில் இருக்கும் வாயு, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியதாக இருக்கலாம். குழாய் உடைந்தால் அத்தனையும் காற்றில் கலந்துவிடும். 2021 ஜூலை முதல், புதிய பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது பழையதைக் கட்டணமின்றி எடுத்துச் செல்வது கடைக்காரரின் பொறுப்பு. பணம் கட்டும்போதே, பழையது ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே லாரியில் ஏற்றிவிடுவார்கள்.