வீடு ஒதுக்கிய பிறகு விவரம் யாரிடம் இருக்கும்?

மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியை மறுசீரமைக்கும் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் அங்குள்ள கமலா ராமன் நகரில் சர்வே தொடங்கியது. வீட்டுக்கு வீடு எண் எழுதினார்கள், சந்துகளை லேசர் கருவியால் அளந்தார்கள், பிறகு செல்போன் செயலியோடு வாசலுக்கு வந்தார்கள். குடும்ப விவரமும் அடையாள ஆவணங்களும் அந்தச் செயலிக்குள் போயின. 2000 ஜனவரி 1-க்கு முன்பே கீழ்த்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு; பின்னால் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வேறிடம், வேறு கணக்கு. அதனால் பேச்செல்லாம் யாருக்கு வீடு என்பதைச் சுற்றியே நடக்கிறது. நியாயம்தான். ஆனால் திரட்டிய விவரம் எத்தனை காலம், யார் கையில் இருக்கும் என்பதும் அதே அளவு கேட்கவேண்டிய கேள்வி.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். நோக்கம் முடிந்ததும் விவரத்தை அழிக்கவேண்டும் என்கிறது சட்டம். ஆனால் 17-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, அரசுக்கும் அரசின் அங்கமாக இயங்கும் அமைப்புகளுக்கும் அந்தக் கடமையிலிருந்து விலக்கு தருகிறது. தாராவித் திட்டத்தை நடத்தும் நவபாரத் மெகா டெவலப்பர்ஸில் அதானி குழுமத்துக்கு 80 சதவீதம், மகாராஷ்டிர அரசுத் தரப்புக்கு 20 சதவீதம். இது தனியார் நிறுவனமா, அரசின் அங்கமா? பதிலைப் பொறுத்து அழிக்கும் கடமை இருக்கும், அல்லது இல்லாமலே போகும். அந்தப் பதிலை நிறுவனமே தன் வசதிப்படி சொல்லிக்கொள்ள விடக்கூடாது.

நேர்மையாக நடப்பவருக்கு என்ன பயம் என்பார்கள். ஆனால் எல்லாருடைய தொலைபேசித் தொடர்பு விவரங்களையும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சேர்த்து வைக்கச் சொன்ன ஐரோப்பியச் சட்டத்தை அங்கத்திய நீதிமன்றம் 2014-இல் ரத்து செய்தது, குற்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவரையும் அது விட்டுவைக்கவில்லை என்பதால். (நம் தொலைபேசி நிறுவனங்கள் 2021 டிசம்பர் முதல் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.) இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: தாராவிக்காரரைக் காப்பதே பழைய ரேஷன் கார்டும் லைட் பில்லும்தானே, அழிக்கச் சொல்வது அவர் தலையிலேயே விடியாதா? விடியாது. அந்தச் சான்று அவர் கையில் இருக்கிறது. தகுதிப் பட்டியலை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்திருக்கட்டும். ஒதுக்கீடும் மேல்முறையீடும் முடிந்த பின்னும் நிறுவனத்தின் சர்வரில் கிடக்கும் குடும்ப விவரங்களும் ஆவண நகல்களும் அவருக்கு எதையும் நிரூபித்துத் தருவதில்லை. நாளை கடன், காப்பீடு, விளம்பரம் என்று வேறு வேலைக்குத்தான் அவை உதவும்.

விவரம் தராவிட்டால் வீடு போய்விடும் என்பதும் உண்மையே, மறுக்கச் சொல்லவில்லை. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் பெறலாம் என்கிறது புதிய சட்டம். தமிழும் அதில் உண்டு. என்ன எடுத்தோம், எதற்கு எடுத்தோம், எந்தத் தேதியில் அழிப்போம் என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுக்க, அந்தப் பிரிவுகள் அமலுக்கு வரும்வரை நிறுவனமோ அரசோ காத்திருக்கவேண்டியதில்லை.